கஞ்சாவும் திறைசேரியும்

2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலே ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அன்று கொலராடோ மாநிலத்து வாக்காளரின் கையிற் கிடைத்த வாக்குச் சீட்டிலே அபேட்சகர்களின் பெயர்களோடு வேறொரு வினாவும் அச்சிடப்பட்டிருந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஒருவர் ஓர் அவுன்சு வரை கஞ்சா வைத்திருத்தல் குற்றமாகாது என விதிக்கலாமா? மதுவைப் போல அதனையும் அனுமதிப் பத்திரம் பெற்ற கடைகளிலே விற்கச் செய்து, வரி விதித்து, அவ்வரியில் ஆண்டுதோறும் முதல் 4 கோடி டொலரைப் பாடசாலைக் கட்டிடங்களுக்கு ஒதுக்கலாமா? நூற்றுக்கு 55 பேர் ஆம் என்றனர். அம்மாநிலத்திலே ஜனாதிபதி ஒபாமா பெற்ற வாக்குகள் 13 இலட்சத்து 23 ஆயிரம். கஞ்சா பெற்றவை 13 இலட்சத்து 83 ஆயிரம்.

இதனை ஆட்சியாளர் எவரும் கொண்டுவரவில்லை. மாநில ஆளுநர் எதிர்த்தார். சட்டமா அதிபர் எதிர்த்தார். தலைநகராகிய டென்வரின் நகர முதல்வரும் எதிர்த்தார். கொண்டுவந்தவர்கள் தெருவிலே நின்று கையொப்பம் சேகரித்த பிரசைகள். சட்டப்படி வேண்டியவை 86 ஆயிரத்துச் சொச்சம் கையொப்பங்கள். முதன்முறை ஒப்படைத்தவற்றிற் பல செல்லாதவை எனத் தள்ளப்படவே, இரண்டாயிரத்துச் சொச்சம் குறைந்தது. பதினைந்து நாள் தவணையுள் மீண்டும் தெருவுக்கு இறங்கி, குறைந்ததற்குப் பன்மடங்கு மேலாகச் சேர்த்துக் கொடுத்தனர். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 2006இல், இதே மாநிலத்தில் இத்தகைய ஒரு பிரேரணை நூற்றுக்கு 41 வாக்குகளே பெற்றுத் தோற்றிருந்தது. தோற்றவர்களே திரும்ப வந்தனர்.

இலக்கியத்துக்கென ஒதுக்கிய இப்பக்கங்களிலே கஞ்சாவுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். புகையின் புகழ் பாடுவது எமது நோக்கமன்று. குடிமக்கள் தாமாக முன்வந்து ‘எம்மிடம் வரி வாங்குங்கள்’ என்று அரசினரிடம் கேட்டது சரித்திரத்திலே அரிதான காட்சி. அதனை ஆராய்வதே எமது நோக்கம். அம்மக்களின் கோஷத்தைத் தமிழிலே சொல்வதாயின், ‘சட்டபூர்வமாக்கி வரி விதியுங்கள்’ என்று சொல்லலாம். இலக்கணம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இத்தொடரிலே ‘ஆக்கி’ என்பது எச்சம், ‘விதியுங்கள்’ என்பது முற்று எனக் காட்டுவர். எச்சம் முற்றைச் சார்ந்தல்லது தனித்து நிற்க மாட்டாது. அமெரிக்காவிலே நீதி எச்சமாகவும் வரி முற்றாகவும் நின்றன. எமது ஐயம் முழுவதும் அங்கேதான்.

சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் வியப்பான ஒரு செய்தி வெளிப்படும். அமெரிக்காவிலே கஞ்சாவை முதன்முதல் நாடு முழுவதும் விலக்கியதும் ஒரு வரிச் சட்டமே. 1937ஆம் ஆண்டிலே சமஷ்டி அரசாங்கத்துக்கு ஒரு பூண்டைப் பயிரிடுவதையோ விற்பதையோ நேராகத் தடை செய்யும் அதிகாரம் உண்டா என்பது ஐயத்துக்கு இடமாக இருந்தது. வரி விதிக்கும் அதிகாரமோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆகவே ‘மரிஹுவானா வரிச் சட்டம்’ என்ற ஒன்றை ஆக்கினர். பதிவு பெற்ற ஒருவருக்குக் கைமாறும் ஒவ்வோர் அவுன்சுக்கும் வரி ஒரு டொலர். பதிவு பெறாதவருக்குக் கைமாறினால் 100 டொலர். பொருளின் விலையைப் பன்மடங்கு விஞ்சிய இவ்வரி, வசூலிப்பதற்காக விதிக்கப்பட்டதன்று. ஒருவரும் செலுத்த மாட்டார் என்ற நம்பிக்கையிலே விதிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் பின்னால் நின்றவர் ஹரி ஆன்ஸ்லிங்கர். 1930 முதல் 1962 வரை சமஷ்டி போதைப்பொருட் பணியகத்தின் தலைவராக இருந்தவர். மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் மீதும் கறுப்பு இனத்துச் சங்கீதக்காரர் மீதும் இருந்த வெறுப்பு, கஞ்சாவைப் பற்றிய கதைகளிலே வசதியாகக் குடியேறியது. பெயரிலேயே ஒரு சூது இருந்தது. அமெரிக்க வைத்தியர்கள் ‘கனபிஸ்’ என்ற பெயரிலே அதனைப் பல காலம் மருந்தாக எழுதிக் கொடுத்து வந்தனர். ‘மரிஹுவானா’ என்பதோ எல்லைப்புறத்து மெக்சிக்கர் வாய்ச்சொல். தாம் எழுதிக் கொடுக்கும் மருந்தைத்தான் இம்மசோதா குறிக்கின்றது என்பதை வைத்தியர் பலர் கடைசிவரை அறிந்திலர். வைத்தியர் சங்கத்தின் சார்பிலே டாக்டர் வூட்வர்ட் என்பவர் குழு முன்னிலையிலே தோன்றி, ஆதாரம் போதாது எனவும், மசோதா மறைவிலே தயாரிக்கப்பட்டது எனவும் எதிர்த்துச் சாட்சியம் அளித்தார். சபையிலே விவாதம் சில நிமிடங்களில் முடிந்தது. வைத்தியர் சங்கம் இதனை ஆதரிக்கின்றதா என்று ஓர் அங்கத்தவர் வினவ, ஆதரிக்கின்றது என்று விடை கிடைத்தது. அவ்விடை முழுப் பொய்.

1937 ஒக்டோபர் முதலாந் திகதி சட்டம் அமுலுக்கு வந்தது. அந்த ஒக்டோபரிலேயே அதன்கீழ் அகப்பட்டு, முதன்முதலிற் சிறை சென்றோருள் ஒருவராக எண்ணப்படுபவர் சாமுவேல் கோல்ட்வெல் என்ற வேலையற்ற தொழிலாளி. பெற்ற தண்டனை நான்கு வருடக் கடூழியம். அவர் பிடிபட்ட நகரம் டென்வர். எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் கஞ்சாவுக்கு வரி கேட்டு வாக்களித்த அதே கொலராடோவின் தலைநகர். அவர் செய்த குற்றம் சட்டத்தின் பாஷையிலே கஞ்சா விற்றதுமன்று. வரி கட்டாது விற்றது!

அந்த வரிச் சட்டத்தை 1969ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. வரி கட்டச் செல்பவன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவன் ஆகின்றான். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் அரசியல் யாப்புக் கட்டாயப்படுத்தாது என்பது நியாயம். மறுவருடமே, 1970இல், வேறொரு சட்டம் வந்து கஞ்சாவை ஹெரோயினோடு ஒரே அட்டவணையில் வைத்தது. 1972இல் ஜனாதிபதி நிக்ஸன் காலத்து ஆணைக்குழு ஒன்று, தனிப்பட்ட பாவனைக்காகச் சிறிதளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. நிக்ஸன் அதனை ஏற்கவில்லை. மேலிருந்து மாற்றம் வரும் வாயில் அத்துடன் அடைபட்டது எனலாம்.

கீழிருந்து வந்த மாற்றம் ஒரு சமையலறையிலே தொடங்கியது. ஸான் பிரான்சிஸ்கோ நகரிலே மேரி ரத்புண் என்ற முதியவள் இருந்தாள். உணவுச்சாலைகளிலே பரிமாறிப் பிழைத்தவள். கஞ்சா கலந்த ‘பிரவுணி’ என்னும் இனிப்புப் பணியாரம் சுட்டு விற்றதற்காக 1981இற் பிடிபட்டாள். சமூக சேவை செய்யும்படி நீதிமன்றம் விதித்தது. செய்யச் சென்றவள் எயிட்ஸ் நோயாளரைக் கண்டாள். உணவு உள்ளே தங்காது வாந்தியெடுத்து உடம்பு உருகிச் சாகும் இளைஞர் அவர்கள். பெற்றோர் சிலர் பிள்ளைகளைப் பார்க்கவும் வர மறுத்த காலம் அது. மேரியின் பணியாரம் அவர்களுக்குப் பசியைக் கொடுத்தது. தன் சொற்ப உதவிப் பணத்திலே மாவும் சீனியும் வாங்கி, இலவசமாகச் சுட்டுக் கொடுத்தாள். 1982இலும் 1992இலும் மீண்டும் பிடிபட்டாள். நகரசபையோ அவள் பெயரால் ஒரு நாளையே பிரகடனஞ் செய்தது.

அவளுடைய தோழர் டெனிஸ் பெரோன், வியட்நாம் யுத்தத்திலே விமானப் படையிற் பணி புரிந்தவர். அவர் அன்பு வைத்திருந்தவர் 1990இல் எயிட்ஸ் நோயால் மாண்டார். அத்துயரிலிருந்து எழுந்த மனு 1991இல் ஸான் பிரான்சிஸ்கோ மக்கள் முன் வைக்கப்பட்டு, நூற்றுக்கு எண்பதை அண்டிய வாக்குகளைப் பெற்றது. 1996இல் கலிபோர்ணியா முழுவதும் 215ஆம் பிரேரணையை நூற்றுக்கு 55 பேருக்கு மேல் ஆதரித்து, வைத்தியரின் ஆலோசனையோடு நோயாளி கஞ்சா பாவிக்கலாம் எனச் சட்டமாக்கினர். இதிலே வரி என்ற பேச்சே இல்லை. இரக்கமே இருந்தது. நாம் நுணுகிக் கவனிக்க வேண்டிய இடம் இது.

வரி எப்போது வந்தது? 2009 யூலை மாதத்திலே, ஓக்லண்ட் நகரிலே. அந்நகரின் கஞ்சா மருந்தகங்கள், தமக்குத் தனி வரி விதிக்கும்படி தாமே கேட்டு, வாக்கெடுப்புக்கு ஆதரவு திரட்டின. ஆயிரம் டொலர் விற்பனைக்கு 18 டொலர் வரி. வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பது பேர் சம்மதித்தனர். வியாபாரி வரி கேட்டு நிற்பதா என நகைப்பது எளிது. அவர்கள் நிலையிலே நின்று பார்த்தால் நகைப்பு அடங்கும். சமஷ்டிச் சட்டத்தின்படி அவர்கள் குற்றவாளிகள். எந்த நேரமும் கதவு உடைக்கப்படலாம். நகரசபை கொடுக்கும் வரிச் சிட்டை அவர்களுக்குக் கேடயம். வரி கட்டுபவனை எளிதிலே கள்வன் என்று சொல்ல முடியாது. தீண்டப்படாதவனாக நிறுத்தப்பட்ட ஒருவன் சபைக்குள் நுழைவதற்குக் கொடுத்த விலை அந்த வரி. சபையினரோ விலையை மட்டும் பார்த்தனர். 2008இன் பொருளாதார வீழ்ச்சியால் நகரங்களின் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்த வேளை அது.

அந்த வெற்றியை நம்பி, ஓக்லண்டின் றிச்சட் லீ என்பவர் 2010இல் 19ஆம் பிரேரணையை மாநிலம் முழுவதன் முன்னும் வைத்தார். சக்கர நாற்காலியிலே வாழ்ந்த அவர் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். கலிபோர்ணியாவிலுள்ள கறுப்பு இனத்தாரின் பழம்பெரும் உரிமைச் சங்கக் கிளை ஆதரித்தது. போதைப்பொருட் சட்டங்களால் மனம் சலித்த முன்னாட் பொலிஸார் சிலரும் ஆதரித்தனர். எனினும் நூற்றுக்கு 46 வாக்குகளோடு பிரேரணை தோற்றது. எதிர்த்தோர் யாரெனப் பார்த்தால் சிரிப்பு வரும். காலங்காலமாக மலைச்சாரலிலே திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிட்டு வாழ்ந்த ஹம்போல்ட், மெண்டோசினோ, டிரினிட்டி என்னும் பகுதிகளிலேயே எதிர் வாக்குகள் மிகுந்தன. சட்டபூர்வமானால் விலை விழும், பெருங் கம்பனிகள் வரும் என்று அவ்வுழவர் அஞ்சினர். தடைச் சட்டமே அவர்களுக்கு உத்தரவாத விலை! டெனிஸ் பெரோனும் எதிர்த்தார். நோயைத் தீர்க்கும் மூலிகையை இன்பப் பொருளாக்கி வரியிடுவது அவருக்குச் சம்மதமில்லை. 2016இல் 64ஆம் பிரேரணை நூற்றுக்கு 57 வாக்குகளோடு வென்றபோதும் அவர் எதிர்ப்பக்கத்திலேயே நின்றார். இயக்கத்தைத் தொடக்கியவர் அதன் வெற்றி நாளிலே வெளியே நின்றார் என்பதை ஆதரவாளர் பலர் எடுத்துச் சொல்வதில்லை.

கொலராடோவுக்குத் திரும்புவோம். 1992ஆம் ஆண்டின் ஒரு யாப்புத் திருத்தப்படி, அம்மாநிலத்திலே புதிய வரி எதனையும் மக்களின் வாக்கைக் கேளாது விதிக்க முடியாது. ஆகவே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மக்களிடம் 2013இல் மறுபடியும் சென்றனர். மொத்த விற்பனையில் நூற்றுக்கு 15, சில்லறை விற்பனையில் மேலதிகமாக நூற்றுக்கு 10 விதிக்கலாமா? நூற்றுக்கு 65 பேர் ஆம் என்றனர். கவனிக்க: சட்டபூர்வமாக்க 55, வரி விதிக்க 65. கஞ்சாவை வெறுத்தோரும் அதன் வரியை வெறுக்கவில்லை. 2014 சனவரி முதலாந் திகதி கடைகள் திறந்தன. நாடு முழுவதும் எடுத்த கலப் கருத்துக் கணிப்பிலே 1969இல் நூற்றுக்கு 12 ஆக இருந்த ஆதரவு, 2023இல் 70 ஆயிற்று. 2024இன் முடிவிலே இருபத்துநான்கு மாநிலங்கள் இவ்வழியில் இருந்தன.

இவ்வாதரவின் வேர் எங்கே? நீதியிலே என்பதே எமது துணிபு. 2001 முதல் 2010 வரையுள்ள பத்தாண்டுகளிலே கஞ்சாவுக்காக எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கைதுகள் நடந்தன என்றும், வெள்ளையரும் கறுப்பரும் ஏறத்தாழ ஒரே அளவிற் பாவித்தும் கறுப்பர் கைதாவது 3.73 மடங்கு அதிகம் என்றும் அமெரிக்கக் குடியியல் உரிமைச் சங்கம் 2013இல் கணக்கிட்டுக் காட்டிற்று. ஒருமுறை கைதானவன் பெயர் ஏட்டில் ஏறிவிட்டால் வேலை கிடைப்பது அரிது. வாடகை வீடு கிடைப்பதும் அரிது. பிள்ளைகளை இவ்வாறு இழந்த தெருக்களிலே கையொப்பம் கேட்டவர்களுக்கு வரியைப் பற்றி விளக்கவேண்டிய தேவை இருந்திருக்காது. விளக்க வேண்டியிருந்தது மற்றத் தெருக்களில். பிள்ளைகள் பிடிபடாத நல்ல தெருக்களில். அங்கேதான் பாடசாலைக் கட்டிடமும் 4 கோடி டொலரும் பேசின. அயலவனுக்கு நியாயம் செய் என்றால் தயங்குபவன், உன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுகின்றோம் என்றால் கையொப்பம் இடுகின்றான். பிரசாரகர் இதனை அறிந்திருந்தனர். அவர்களைக் குறை கூறோம். வாக்குப் பெறுபவர் வாக்காளனை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் கடன் வாங்கிய நியாயத்துக்கு வட்டி உண்டு.

கிழக்குத் தேசத்தவராகிய எமக்கு இவ்வழக்குப் புதிதன்று. 1893இல் பிரித்தானிய அரசு இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவை நியமித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, முற்றாகத் தடுத்தல் தேவையுமன்று, நன்மையுமன்று. பயிரிடுதலை அளவுபடுத்தி, அனுமதிப் பத்திரங் கொடுத்து, போதிய வரியிட்டு அடக்குதலே தகும் என 1894இல் அறிக்கை செய்தது. கொலராடோ வாக்குச் சீட்டின் சாரம் அதிலேயே உளது. குழுவிலிருந்த இந்திய அங்கத்தவர் மூவருள் இருவர் முழுமையாக உடன்படாது தனிக் குறிப்பு எழுதினர் என்பதும் நினைக்கத் தக்கது. ஆள வந்தவனுக்கு வருமானமாகத் தெரிவது, ஊரிலே வாழ்பவனுக்கு வேறாகத் தெரியலாம்.

எமது தீவின் அநுபவமோ இன்னுங் கசப்பானது. சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டுக் குடியேற்ற அரசினர் பெட்டி நிரப்பிய காலம் எம் பாட்டன்மார் அறிந்த காலம். 1912இன் மதுவரிச் சட்டத்தை ஒட்டிப் புதிய கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது மதுவிலக்கு இயக்கம் பேரலையாய் எழுந்தது. சேனநாயக்க சகோதரர் முதலிய பிற்காலத் தேசியத் தலைவர்கள் மேடையேறிப் பழகியது அவ்வியக்கத்திலேதான். ஊரவர் வாக்களித்துத் தம்மூர்த் தவறணையை மூடுவிக்கும் முறையும் பின்னர் இங்கே நடைமுறைக்கு வந்தது. அங்கே மக்கள் ‘திறந்து வரி வாங்குங்கள்’ என்றனர். இங்கே மக்கள் ‘வரிக்காகத் திறந்தீர்கள், மூடுங்கள்’ என்றனர். இரண்டும் வாக்குரிமையின் குரல்களே. பொருளை வெறுத்ததனால் மட்டும் எம்மவர் எதிர்க்கவில்லை. குடிப்பவன் எவ்வளவு அதிகம் குடிக்கின்றானோ அவ்வளவு அரசுக்கு இலாபம் என்ற ஏற்பாட்டை வெறுத்தனர். வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்காது பொருட்பாலில் வைத்ததற்கு உரையாசிரியர்கள் காரணம் கூறுவர். குடி என்பது தனியொருவன் ஒழுக்கக் கேடு மாத்திரமன்று, அரசியற் கருமமுமாகும் எனக் கொள்ளவும் அங்கே இடமுண்டு என்று எமக்குத் தோன்றுகின்றது.

இனி, வட்டியைக் கணக்கிடுவோம். கொலராடோவின் கஞ்சா வரி வருமானம் ஆண்டுதோறும் ஏறி, 2021இலே 42 கோடி டொலரைத் தாண்டியது. பின்னர் விழத் தொடங்கியது. 2023இல் 27 கோடி அளவு. அயல் மாநிலங்களிலும் கடைகள் திறந்துவிட்டன, விலையும் சரிந்தது. வருமானம் குறைந்தால் அதனை நம்பித் தொடங்கிய வேலைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுகின்றது. குறைந்ததற்காக மகிழ வேண்டிய அரசு, குறைந்ததற்காகக் கவலைப்படும் நிலை பிறக்கின்றது. தவறணைக் குத்தகையின் தர்க்கம் இதுவேயன்றோ?

பாவிப்போர் எண்ணிக்கையையும் மறைத்தலாகாது. நல்ல செய்தி முதலில்: கடைகள் திறந்தால் பள்ளி மாணவர் கெட்டழிவர் என்று அஞ்சியவாறு நடக்கவில்லை. கொலராடோவில் உயர்தரப் பாடசாலை மாணவரிடையே எடுத்த கணிப்புகளிலே பாவனை உயராது நின்று, 2021இல் குறைந்தும் காணப்பட்டது. பெரியவர்கள் கதை வேறு. 2022ஆம் ஆண்டின் நாடளாவிய கணிப்பின்படி, தினமும் அல்லது ஏறத்தாழத் தினமும் கஞ்சா பாவிப்போர் 1 கோடி 77 இலட்சம் பேர். அவ்வாறு மது அருந்துவோர் 1 கோடி 47 இலட்சம் பேர். கஞ்சா மதுவை முந்தியது அதுவே முதன்முறை. எந்த வியாபாரமும் எப்போதோ ஒருநாள் வருபவனை நம்பி நடப்பதில்லை. தினமும் வருபவனை நம்பியே நடக்கும். அதன் வரியும் அப்படியே.

சமஷ்டி அரசாங்கத்தின் நடத்தை ஒரு நாடகத்துக்கு உரியது. கஞ்சா வியாபாரம் குற்றம் என்று சொல்லிக்கொண்டே அதன் இலாபத்துக்கு வருமான வரி வாங்கியது. 1982இல் இயற்றிய ஒரு வரிப் பிரிவின்படி, இத்தகைய வியாபாரி கடை வாடகையையும் வேலையாள் சம்பளத்தையும் செலவாகக் கழிக்க முடியாது. வங்கிகள் பெரும்பாலும் கணக்குத் திறக்க அஞ்சின. ஆகவே வியாபாரிகள் காசுக் கட்டுகளைப் பைகளிலே சுமந்து சென்று வரி கட்டினர். அப்பணத்தை எண்ணி வாங்கிய அரசுக்கு அதிலே புகை மணம் வீசவில்லை போலும்.

கலிபோர்ணியாவிலோ வரியின் பேராசை வேறு விதமாகத் தண்டித்தது. பயிரிடும்போது ஒரு வரி, விற்கும்போது ஒரு வரி, ஊர்ச்சபைக்கு ஒரு வரி, அதற்கு மேற் பொது விற்பனை வரி. சட்டக் கடையின் விலை ஏற, திருட்டுச் சந்தை தன் பழைய இடத்திலேயே சுகமாக இருந்தது. 2022 யூலையிலே பயிர் வரியை நீக்க வேண்டியதாயிற்று. ஹம்போல்ட் மலைச்சாரலின் சிறு உழவர் பலர் அதற்குள் தொழிலை விட்டுவிட்டனர். 2010இல் அவர்கள் அஞ்சியது நடந்தது.

ஆயின் பழைய தடைச் சட்டத்தையே மீளக் கொண்டுவருக என்று நாம் சொல்லோம். ஒரு பூண்டின் பொருட்டு இளைஞரைச் சிறையிலிட்டது அநீதி. அதனை ஒழித்த கையொப்பங்கள் மதிக்கத் தக்கவை. வரியும் வேண்டும். எவ்வாறு வேண்டும் எனின், வண்டிக்குத் தடைக்கட்டை வேண்டுமாறு போல. மாட்டுக்குப் புல்லாக அன்று. வரிப்பணத்தை முதலிலே யாருக்குக் கொடுப்பது என்பதிலும் நியாயம் உண்டு. இல்லினோய் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம், சிறு கஞ்சாக் குற்றங்களுக்காக ஏட்டிலேறிய பெயர்களை அழிக்க வழி செய்தது; வரி வருமானத்தின் காற்பங்கைப் பழைய கைதுகளால் அதிகம் சிதைந்த பகுதிகளுக்கு ஒதுக்கிற்று; ஐந்திலொரு பங்கை மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை செய்ய வைத்தது. நாம் பார்த்த அளவிலே இவ்வளவு கருத்தாக வரியைப் பங்கிட்ட சட்டம் பிறிதில்லை. அதனை ஆக்கியது மக்கள் வாக்கன்று. மாநிலச் சட்டசபை என்பது எம் வாதத்துக்கு இடைஞ்சல்தான். கையொப்பம் சேகரிப்பவர் ஒரு வினாவையே அச்சிட முடியும். அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற விடையே உண்டு. பிரித்துப் பங்கிடுதல் சபையின் வேலை. சபை அதனைச் செய்யும்படி பார்த்துக்கொள்வது, கையொப்பமிட்டவர் வீடு திரும்பிய பின்னரும் எஞ்சி நிற்கும் வேலை.

இலங்கையிலே 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடுக்கின்றது; சுதேச வைத்தியத்துக்கு மாத்திரம் அனுமதியோடு இடமுண்டு. சிவமூலி என்று எம்மவர் பெயரிட்டு மருந்திற் சேர்த்த பூண்டு அது. வடகரையிலே கேரளக் கஞ்சாப் பொதிகள் கைப்பற்றப்பட்ட செய்தி அடிக்கடி வெளியாவதை வாசகர் அறிவர். அச்செய்திகளிலே பெயர் வருவது பெரும்பாலும் படகிலே சுமந்து வந்தவனுக்கு. அனுப்பியவனுக்கும் பெற்றவனுக்கும் அன்று. 2022 நவம்பரிலே சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்திலே, ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை வந்தது. டொலர் இன்றி நாடு தவித்த ஆண்டு அது. தெருவிலே எவரும் கையொப்பம் சேகரிக்கவில்லை. நோயாளியோ, மறியலில் இருப்பவனின் தாயோ கேட்டு வந்த யோசனையுமன்று. அமெரிக்காவிலே எச்சமாகவேனும் இருந்த நீதி, இங்கே வாக்கியத்திலேயே இல்லை. முற்று மாத்திரம் வந்து நிற்கின்றது. இதனை விவாதிக்கும் ஆசிரியரும் மாணாக்கரும் முதலில் இந்த வாக்கியத்தை எழுதியவர் யார் என்று பார்க்கட்டும்.

அமெரிக்காவிலும் எழுதுபவர் கை மாறிக்கொண்டிருக்கின்றது. 2024 நவம்பரிலே புளோரிடா மாநில மக்கள் முன் இதே வினா வைக்கப்பட்டது. நூற்றுக்கு 56 பேர் அளவில் ஆம் என்றனர். அம்மாநில யாப்புத் திருத்தத்துக்கு 60 வேண்டும், ஆகவே தோற்றது. பிரசாரத்துக்குச் செலவான பணம் பத்துக் கோடி டொலருக்கு மேல். அதிற் பெரும்பகுதியைக் கொடுத்தது அம்மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா விற்கும் ஒரு கம்பனி; கையொப்பம் சேகரித்தோரின் கூலியும் அப்பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது.